அம்மா சுட்ட பிஸ்கட்டின் அடக்க விலை

டிசம்பர் பிறந்தால் எங்கள் பாளையங்கோட்டையில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். இன்னொன்று, வீட்டுக்கு வீடு ஒரு வசனம் கேட்கும்: "கடையில வாங்குறதுக்கு வீட்டிலேயே சுட்டா எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரானது. கவனியுங்கள் மக்களே, பிஸ்கட்டுக்கு எதிரானது அல்ல. பிஸ்கட்டோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் போய் நிற்பவன் நான். ஆனால் மூன்று வருடமாக பி.காம் படிக்கிறேன். அடக்கவிலைக் கணக்கியல் என்று ஒரு பேப்பர் எழுதிப் பாஸும் ஆகியிருக்கிறேன். அதைப் படித்தவன் காதில் "மிச்சம்" என்ற சொல் விழுந்தால் சும்மா இருக்க முடியாது. எதைக் கழித்தபின் மிச்சம்? யார் கணக்கில் மிச்சம்? இந்த இரண்டு கேள்விதான் பதிவு முழுக்க.

முதலில் ஒரு சின்ன பீடிகை. கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் எங்கள் பக்கம் அச்சு முறுக்கு, கல்கல், முந்திரிக்கொத்து. எல்லாமே எண்ணெய்ச் சட்டி சமாச்சாரம். வீட்டில் அடுப்பு இருந்தது, அவன் இல்லை. 2020 ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் அடைபட்டு யூடியூப் பார்த்து கேக் சுட்டதே, அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் ஓடிஜி புகுந்தது. ஆக, அச்சு முறுக்கு அப்படியே இருக்க, அதன் மேல் பட்டர் பிஸ்கட் என்று ஒரு புது வேலை ஏறியிருக்கிறது. "பிஸ்கட்னு சொல்லாதடா, குக்கீஸ்" என்று திருத்துகிறவர்களும் உண்டு. குக்கி என்ற சொல் டச்சுக்காரர்கள் சின்ன கேக்குக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. பிஸ்கட் என்றால் இருமுறை சுட்டது என்று மூலப்பொருள். நாம் ஒரு முறைதான் சுடுகிறோம், பெயரும் இரண்டும் இரவல்தான், அதனால் எப்படிக் கூப்பிட்டாலும் தப்பில்லை. விஷயத்துக்கு வருவோம்.

கணக்கு நோட்டு

எங்கள் வீட்டில் சுடுவது எளிமையான ரகம். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. ஜெர்மன்காரர்கள் காலங்காலமாக கிறிஸ்துமஸுக்குச் சுடும் கட்டர் பிஸ்கட்டுக்கும் இதே விகிதம்தான் அடிப்படை. போன டிசம்பரில் ஒரு நாள் சுட்டதற்கு நான் எழுதி வைத்த கணக்கு இது. விலையெல்லாம் எங்கள் தெருக் கடை விலை.

வெண்ணெய் 800 கிராம்: 480 ரூபாய்.
மைதா 1,200 கிராம்: 70 ரூபாய்.
சர்க்கரை 400 கிராம்: 20 ரூபாய்.
வெனிலா, முந்திரி, பட்டர் பேப்பர் வகையறா: 70 ரூபாய்.
கரண்ட்: 20 ரூபாய். (முதல் 100 யூனிட் இலவசம்தானே என்று யாரும் கிளம்ப வேண்டாம். கூடுதலாக ஓடும் யூனிட்டுக்குத்தான் கணக்கு.)

மொத்தம் 660 ரூபாய். சுட்டு, ஆறவைத்து, உடைந்ததையும் "ருசி பார்த்ததையும்" கழித்தால் இரண்டு கிலோ தேறியது. எங்கள் தெரு பேக்கரியில் கிலோ 450. இரண்டு கிலோ 900. ஆகவே மிச்சம் 240 ரூபாய்! கைதட்டல், விசில். வீட்டில் எல்லோரும் கணக்கு நோட்டை மூடும் இடம் இதுதான்.

நான் இன்னும் மூடவில்லை. அந்த ஓடிஜி 6,000 ரூபாய். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்து நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வருடத்துக்கு 1,200. எங்கள் வீட்டில் வருடத்துக்கு நாலு தடவைதான் அதைத் தூசி தட்டுகிறோம். ஆக ஒரு தடவைக்கு 300 ரூபாய். மிச்சமான 240 போய், 60 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறோம்.

இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த வரி சிரிக்கிற வரி இல்லை.

விட்டுப்போன வரி

அந்த இரண்டு கிலோவுக்கு என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்போம். வெண்ணெயை முன்கூட்டியே எடுத்து வெளியே வைக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அடித்தால் சர்க்கரையோடு சேராது, உருகிவிட்டால் பிஸ்கட் தட்டில் பரந்து அப்பளமாகிவிடும். மாவு சலிக்க வேண்டும். பிசைந்ததைக் கொஞ்ச நேரம் குளிர வைக்க வேண்டும். உருட்டி, தேய்த்து, வெட்டி, தட்டில் அடுக்க வேண்டும். பிஸ்கட் 15 கிராம் என்றால் இரண்டு கிலோவுக்கு 130-க்கு மேல் வரும். எங்கள் ஓடிஜியில் ஒரு தட்டில் 20 தான் கொள்ளும். ஏழு தட்டு. தட்டுக்கு 15 நிமிடம்.

அந்த 15 நிமிடத்தில் ஆள் வேறெங்கும் போக முடியாது. ஓரம் பொன்னிறமாவதற்கும் கருகுவதற்கும் நடுவே இரண்டு நிமிடம் இருந்தால் பெரிது. சூட்டோடு எடுத்தால் பிஸ்கட் மெத்தென்று இருக்கும், கைபட்டால் உடையும். தட்டிலேயே ஆறவிட வேண்டும். அது ஆறுவதற்குள் அடுத்த தட்டுக்கு உருட்டி முடித்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் வெண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரங்கள். பச்சைத் தண்ணீரில் போகாது, வெந்நீர் வேண்டும். கடைக்குப் போய் வந்தது முதல் கடைசிப் பாத்திரம் கவிழ்த்தது வரை ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரமும் நின்றது யார்? எங்கள் அம்மா. உங்கள் வீட்டில்? பதிலை யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடக்கவிலைப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இருக்கிறது: மூலப்பொருள், கூலி, மேற்செலவு. மூன்றையும் கூட்டினால்தான் அடக்க விலை. அதே புத்தகத்தில் நோஷனல் காஸ்ட் என்று ஒன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருந்தால் வாடகையே கொடுக்காவிட்டாலும் ஒரு வாடகையைக் கணக்கில் காட்டிப் பார்க்க வேண்டும், முதலாளி தானே உழைத்தால் அவருக்கும் ஒரு சம்பளத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் உண்மையில் லாபமா நஷ்டமா என்றே தெரியாது என்கிறது பாடம். முதலாளியின் உழைப்புக்குத் தரும் மரியாதையை அடுப்படிக்குத் தர யாருக்கும் தோன்றவில்லை.

மணிக்கு 100 ரூபாய் என்று போடுவோம். (எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், பூஜ்யத்தை மட்டும் போடாதீர்கள்.) ஆறு மணிக்கு 600. இப்போது கூட்டுங்கள்: 660 + 300 + 600 = 1,560. கிலோ 780 ரூபாய். பேக்கரியில் 450.

எனவே நண்பர்களே, வீட்டில் சுட்டால் மிச்சம் என்பது பொய். அம்மாவின் உழைப்புக்குப் பூஜ்யம் போட்டால் மட்டுமே நிற்கிற கணக்கு அது. உங்கள் 240 ரூபாய் மிச்சம் என்பது, கொடுக்காமல் விட்ட 600 ரூபாய் கூலியிலிருந்து வந்தது.

"ஆனா வீட்டு பிஸ்கட் உடம்புக்கு நல்லதுல்ல?"

சொல்வீர்கள் என்று தெரியும். :-) இதில் பாதி உண்மை. எங்கள் பிஸ்கட்டில் மூலப்பொருளுக்கும் கரண்டுக்கும் மட்டுமே கிலோவுக்கு 330 ஆகிறது. பேக்கரிக்காரர் கடை வாடகை, ஆள் சம்பளம், லாபம் எல்லாம் சேர்த்து 450-க்குத் தருகிறார் என்றால், மொத்தமாக வாங்குவதில் கிடைக்கும் சகாயம் ஒரு காரணம். உள்ளே போகிற கொழுப்பு முழுக்க வெண்ணெயாக இருக்க வாய்ப்பில்லை என்பது இன்னொரு காரணம். ஆக 450-ஐயும் 780-ஐயும் ஒரே பொருளின் விலையாக ஒப்பிட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும், அது வீட்டு பிஸ்கட்டின் உண்மையான அனுகூலம்.

ஆனால் அதற்கு மேல் போகாதீர்கள். வனஸ்பதியில் பயம் டிரான்ஸ் கொழுப்பு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதற்கான உச்சவரம்பை 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைத்துவிட்டது. மறுபக்கம், நாம் பெருமையோடு போடும் வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்கு மேல். மைதா வீட்டில் பிசைந்தாலும் மைதாதான். சர்க்கரை அம்மா கைபட்டால் கரும்பாக மாறிவிடாது. பண்டிகைக்கு நாலு பிஸ்கட் தின்பதற்கு ஆரோக்கியம் என்ற சால்ஜாப்பே தேவையில்லை. ருசிக்குத்தான் தின்கிறோம். ருசிக்காகத் தின்கிறோம் என்று சொன்னால், அந்த ருசிக்கு யார் உழைத்தார் என்ற கேள்வி வரும். ஆரோக்கியம் என்று சொன்னால் அது ஏதோ கடமை மாதிரி ஆகிவிடும், அம்மா செய்தே தீர வேண்டியதாகிவிடும். அந்தச் சொல்லின் தந்திரம் அங்கேதான் இருக்கிறது.

"அன்பைக் காசால அளக்கலாமா?"

இதுதான் எதிரணியின் பெரிய பீரங்கி. இதைக் கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். நான் மூடுவதாக இல்லை.

அளக்க முடியாது, சரி. அப்படியானால் "மிச்சம்" என்று காசுக் கணக்கை முதலில் ஆரம்பித்தது யார்? வெண்ணெய்க்கும் மைதாவுக்கும் ரூபாயில் பேசிவிட்டு, கூலி என்ற வரி வந்ததும் திடீரென்று அன்பு என்று மொழியை மாற்றுவது கள்ளாட்டம். ஒன்று, முழுக்க அன்பு என்று சொல்லுங்கள், 240 ரூபாய்ப் பேச்சை விடுங்கள். அல்லது முழுக்கக் கணக்கு என்று சொல்லுங்கள், 600-ஐ எழுதுங்கள். வசதிப்பட்ட வரிக்கு மட்டும் கணக்கு என்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர்.

உலகமே இப்படித்தான் கணக்குப் போடுகிறது என்பது வேறு விஷயம். பிகூ என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1920-இலேயே இந்த வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார்: ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்குச் சமைக்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். அதே அடுப்பு, அதே சாப்பாடு. சம்பளம் நின்றுபோனதால் வேலையே நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது. நூறு வருடத்துக்குப் பிறகும் நாட்டின் மொத்த உற்பத்தியில் வீட்டுச் சமையல் சேர்வதில்லை.

நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறை நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்துகிறது. 2019 கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண் 289, ஆண் 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்தது, நல்லது. ஆனால் ஆணுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. ஆக அந்தப் பத்து நிமிடத்தை ஆண் வாங்கிக்கொள்ளவில்லை, மிக்சியும் குக்கரும் வாங்கிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று: 88 என்பது வேலை செய்கிற ஆண்களின் சராசரி. அடுப்படிப் பக்கமே போகாத கோஷ்டி இந்தக் கணக்கிலேயே வராது.

சரி, சட்டமாவது அளக்கிறதா? அளக்கிறது. ஆனால் எப்போது தெரியுமா? அந்தப் பெண் செத்தபின்! 2021 ஜனவரியில் கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில், சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் கணித்து இழப்பீடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே 299, 97 நிமிடக் கணக்கை அந்தத் தீர்ப்பே எடுத்துக் காட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் 2010-இல் இன்னொரு தீர்ப்பில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து "வேலை செய்யாதவர்" பட்டியலில் வைத்ததை நீதிபதிகள் கண்டித்தார்கள். தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியபோது உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததும் இந்த விவாதத்தின் ஒரு பகுதிதான். நீதிமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் தோன்றியது, சாப்பாட்டு மேசைக்குத் தோன்றவில்லை.

பூஜ்யம் வீட்டோடு நிற்பதில்லை

"எங்க வீட்டு விஷயம், உனக்கென்ன?" என்பவர்களுக்கு இந்தப் பகுதி. வீட்டுக்குள் போட்ட பூஜ்யம் தெருவுக்கும் வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா கிறிஸ்துமஸ் ஆர்டர் எடுத்து பிஸ்கட் சுட்டு விற்கிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, டப்பாவில் எண் ஒட்டி, ஒழுங்காகச் செய்கிறவர். கிலோ 700. போன வருடம் அவரிடம் ஒருவர் பேரம் பேசியதைக் காதால் கேட்டேன். "வீட்டிலதானே பண்றீங்க? கடை வாடகை இல்ல, ஆள் சம்பளம் இல்ல. 500-க்குத் தாங்களேன்."

ஆள் சம்பளம் இல்லையாம். அந்த ஆள் எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறார்!

கணக்கைப் பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மூலப்பொருள், கரண்ட் 660. அவர் அடிக்கடி சுடுவதால் தேய்மானம் ஒரு தடவைக்கு 60 போதும். டப்பா, லேபிள் 80. மொத்தம் 800. கிலோ 700-க்கு விற்றால் 1,400 வரும், கையில் நிற்பது 600. ஆறு மணி நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய். 500-க்குக் கொடுத்தால் 1,000 வரும், கையில் 200. மணிக்கு 33 ரூபாய். பேரம் பேசியவருக்குக் குறைந்தது கிலோவுக்கு 200 தான். அக்காவுக்குக் குறைந்ததோ கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. இதே ஆசாமி செருப்புக் கடையில் ஒட்டியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வருவார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் பிஸ்கட்டுக்குக் கூலி பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு 100 ரூபாய் கொள்ளையாகத்தான் தெரியும். அம்மாவின் உழைப்பை இலவசம் என்று நினைக்கிற பழக்கம், அதே வேலையைச் செய்து பிழைக்கிற இன்னொரு பெண்ணின் விலையை அடித்து இறக்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனது, வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 ஆனது. அதை வைத்து எத்தனை விவாதம், எத்தனை மீம்! கூலி வரியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அப்போ சுடவே கூடாதா?

சுடுங்க சாமி, தாராளமாகச் சுடுங்க. ஆனால் காரணத்தை மாற்றுங்கள், ஆளையும் மாற்றுங்கள்.

கல்கல் எப்படிச் செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு நூற்றுக்கணக்கில் வரும். ஒற்றை ஆள் செய்து முடிக்கிற காரியமே இல்லை. அதனால்தான் கல்கல் போடுகிற ராத்திரி வீட்டில் சின்னது பெரிசு எல்லாம் பாயில் உட்கார்ந்து சுருட்டும். அந்தப் பலகாரத்தின் அமைப்பே கூட்டு வேலையைக் கேட்கிறது. ஓடிஜி வந்ததும் என்ன ஆயிற்று? மிஷின்தானே செய்கிறது என்று மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மிஷினுக்கு முன்னால் ஒருத்தர் மட்டும் மிஞ்சினார்.

அமெரிக்காவில் டிசம்பரில் குக்கி எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரே ஒரு ரகம் மட்டும் நிறையச் சுட்டுக்கொண்டு வந்து, எல்லோரும் ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வார்கள். ஆறு பேர் என்றால் ஆறு ரகத்தோடு வீடு திரும்பலாம். சுட்டது மட்டும் ஒரு ரகம். ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசித் தொழிற்சாலையை வைத்துச் சொன்ன வேலைப் பிரிவினையேதான் இது. நம் ஊரில் தட்டு மாற்றிக்கொள்ளும் வழக்கம் ஏற்கனவே இருக்கிறது. என்ன கொடுமை என்றால் எல்லா வீட்டிலும் எல்லா ரகத்தையும் ஒவ்வொரு அம்மாவும் தனியாகச் செய்து, அதே ரகங்களை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அதே ரகங்களைத் திரும்ப வாங்குகிறோம். பொருளாதாரம் படித்த யாராவது பார்த்தால் அழுதுவிடுவார்கள். இந்த வருடம் நாலு வீடு பேசிவைத்து ஆளுக்கு ஒன்றாகச் செய்தால் என்ன?

வீட்டுக்குள்ளும் ஒரு விதி போதும்: தின்கிறவன் தட்டு கழுவ வேண்டும். உருட்டுவது ஒருவர், அவன் பக்கம் நிற்பது ஒருவர், வெந்நீரில் பாத்திரம் தேய்ப்பது ஒருவர். ஆறு மணி நேரத்தை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு சினிமாவை விடக் குறைவு. "எனக்குச் சுடத் தெரியாதே" என்பவர்களுக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரியும்.

"அம்மாவுக்கே பிடிச்சுத்தான் செய்றாங்க" என்று ஒரு கூட்டம் வரும். பிடித்திருக்கலாம். எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும், அதற்காக ஆறு மணி நேரம் நான் ஒருவனே பந்து பொறுக்க மாட்டேன். பிடித்த வேலையை நாலு பேரோடு செய்தால் பிடித்தம் குறைந்துவிடாது. நம்பிக்கை இல்லாவிட்டால் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். "நீ போம்மா, இந்த வருஷம் நாங்க சுடுறோம், நீ உட்கார்ந்து பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள்.

ஆள் இல்லையா, நேரம் இல்லையா? அந்த அக்காவிடம் 700 கொடுத்து வாங்குங்கள். பேரம் பேசாமல்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய் "உன் பிஸ்கட் நஷ்டம்னு ஒருத்தன் எழுதியிருக்கான்" என்று போட்டுக் கொடுப்பவர்கள், 660 + 300 + 600 என்ற மூன்று எண்ணையும் சேர்த்தே சொல்லவும். பாதியோடு நிறுத்தினால் அடுத்த பேட்ச் எனக்கு வராது, உங்களுக்கும் வராது. :-)